அந்தப் பக்கத்தைக் கிழிக்காதே

விழுப்புரம்

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். திண்டிவனம் பேருந்து நிலையத்தை வரைந்து, வாட்டர் கலர் தீட்டி, ஓரத்தில் பேனாவால் நாலு வரி எழுதியிருக்கிறாய். தாள் அலை அலையாகச் சுருங்கி, மை கரைந்து வானம் முழுக்க ஓடியிருக்கிறது. “கிழிச்சுப் போட்டுடட்டா மாமா?” என்று கேட்கிறாய். வேண்டாம் கண்ணு. அந்தப் பக்கம் உனக்கு இன்னும் உதவும். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம். தாள் என்பது நார்களின் படுக்கை. ஈரம் பட்டால் நார் ஊதும். காயும்போது எல்லா இடமும் ஒரே சீராகச் சுருங்காததால் தாள் வளைகிறது. பள்ளி நோட்டுத் தாள் 60, 70 ஜி.எஸ்.எம். கனம்தான் இருக்கும். வாட்டர் கலருக்கு 200-க்கு மேல் வேண்டும். 300 இருந்தால் கவலையே இல்லை. அந்தத் தாள் விலை அதிகம். அதனால் உன் நோட்டிலேயே மூன்று தாள்களை ஒன்றாக ஒட்டி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி விட்டுவிடு. காலையில் அட்டை மாதிரி நிற்கும்.

ஒட்டுவதற்கான பசை உன் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. திந்திரிணி என்றால் புளி. திந்திரிவனம்தான் திண்டிவனம் ஆனது என்பார்கள். உங்கள் ஊர்ச் சிவன் பெயரும் திந்திரிணீஸ்வரர். அம்மா புளி தட்டும்போது கொட்டைகளைக் கேட்டு வாங்கிக்கொள். வாணலியில் வறுத்தால் மேல்தோல் வெடிக்கும். அதைத் தட்டி நீக்கிவிட்டு, பருப்பை ஒரு ராத்திரி ஊறவை. மையாக அரைத்து, தண்ணீர் நிறைய விட்டு, அடி பிடிக்காமல் கிளறிக் காய்ச்சு. முதலில் கஞ்சி மாதிரி இருக்கும். பிறகு சட்டெனக் கெட்டியாகி, கரண்டியிலிருந்து நூல் போல இறங்கும். அதுதான் பதம். ஆறியதும் துணியில் வடிகட்டிக்கொள். நாள் கடந்தால் புளித்துவிடும் என்பதால் வேண்டிய அளவு மட்டும் காய்ச்சு. பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடிப் பூச்சு கொடுத்து, கண்ணாடிக் கற்களும் தங்க ரேக்கும் பதித்துச் செய்கிறார்களே தஞ்சாவூர் ஓவியம், அதற்கும் பழைய நாளில் இந்தப் புளியங்கொட்டைப் பசை உண்டு. உன் தோழிகள் ‘மிக்ஸட் மீடியா’ என்று சொல்லும் பல பொருள் ஓவியம் நமக்கு எப்போதோ பழகியதுதான்.

பல பொருள்களைச் சேர்க்கும்போது எது கீழே, எது மேலே என்ற ஒழுங்கு முக்கியம். மெழுகுவர்த்தியால் கோடு இழுத்து அதன்மேல் வாட்டர் கலர் பூசினால், கோடு மட்டும் வெள்ளையாக விலகி நிற்கும். மழையும் மின்கம்பியும் வரைய நல்ல வழி. வாட்டர் கலரின்மேல் அக்ரிலிக் ஒட்டும். அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் தோல் போலாகிவிடும். அதன்மேல் வாட்டர் கலர் முத்து முத்தாக உருண்டுவிடும். ஆயில் பாஸ்டல் முழுதாகக் காயவே காயாது, அது கடைசியில்தான் வர வேண்டும். பல ஜெல் பேனாக்களின் மை ஈரம் பட்டால் கரையும். உன் வானத்தைக் கெடுத்தது அதுதான். பேனாவால் எழுதுவதை எல்லாம் காய்ந்தபின் வைத்துக்கொள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒவ்வொரு பூச்சும் காய நேரம் எடுக்கும். கன்னத்தில் தாளை வைத்துப் பார். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

பஸ் டிக்கெட்டை ஒட்டினால் ஒன்று கவனி. கண்டக்டர் மெஷினில் அடித்துத் தருவது வெப்பத்தால் எழுத்து விழும் தாள். சில மாதங்களில் வெளுத்துவிடும். ஊரையும் தேதியையும் கட்டணத்தையும் பக்கத்திலேயே பென்சிலால் எழுதிவிடு. பென்சில் கரி மங்காது.

வண்ணத்தையும் நீயே செய்யலாம். செம்மண்ணைத் தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேல்நீரை வேறு பாத்திரத்தில் இறு. அதில் படிகிற நயமான வண்டலைக் காயவைத்து, கருவேலம் பிசின் கரைத்த நீரில் குழைத்தால் காவி தயார். நம் மாவட்டத்துக் கீழ்வாலையில் வரலாற்றுக்கு முந்தைய மனிதர்கள் பாறையில் தீட்டிய உருவங்களும் செங்காவி நிறத்தில்தான் இருக்கின்றன. தாளின்மேல் மேடு வேண்டுமென்றால் காகிதக்கூழ் இருக்கிறது. விழுப்புரத்தை ஒட்டிய அய்யங்கோவில்பட்டில் பிள்ளையார் சிலை செய்பவர்கள் காகிதக்கூழோடு கிழங்கு மாவு சேர்த்துப் பிசைகிறார்கள். நீ தோசைக் கனத்துக்கு மேல் அப்பாதே, நோட்டு மூடாது.

எழுத்தும் ஓவியமாகலாம். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்து, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையில் ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்களையும் வாசிக்க முடியாத எழுத்துகளையும் வைத்தே படம் கட்டினார். உன் கையெழுத்தையும் அப்படிக் கோடாகப் பார்க்கக் கற்றுக்கொள்.

லீவுக்கு வந்தால் பனைமலைக்குப் போவோம். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. பக்கச் சிற்றாலயத்துச் சுவரில் பார்வதி ஒரு காலை மடித்து, குடையின் கீழ் ஒயிலாகச் சாய்ந்து நிற்கிறாள். சிவனின் ஆட்டத்தைப் பார்க்கிறாள். கல்மேல் சுண்ணச்சாந்து, அதன்மேல் கோடு, அதன்மேல் வண்ணம். வண்ணம் பல இடங்களில் உதிர்ந்து அடிப்பூச்சு தெரிகிறது. முதல்முறை பார்த்தபோது இவ்வளவு அழிந்துவிட்டதே என்று வருந்தினேன். அடுத்தமுறை நின்று பார்த்தபோதுதான், உதிர்ந்த இடங்கள்தான் அந்த ஓவியர் வேலை செய்த வரிசையை எனக்குக் காட்டின என்று புரிந்தது. மேலே தெரிவதைத் தாங்குவது கீழே இருப்பது. உன் குறிப்பேட்டுக்கும் இதுதான் பாடம்.

இப்போது அந்தப் பக்கத்துக்கு வா. அதன் பின்னால் இரண்டு தாள் ஒட்டி, புத்தகங்களுக்கு அடியில் வை. சுருக்கம் பெரும்பாலும் அடங்கும். மை ஓடிய வானத்தின்மேல் வெள்ளை அக்ரிலிக்கைத் தண்ணீர் விட்டு மெல்லிசாகப் பூசு. நீலம் கொஞ்சம் உள்ளிருந்து தெரியட்டும், மழை வரப்போகிற வானம் கிடைக்கும். காய்ந்ததும் டிக்கெட்டை ஒட்டு. கரைந்துபோன அந்த நாலு வரியை மறுபடி எழுது. கீழே இரண்டு தேதி போடு: முதலில் வரைந்த நாள், திரும்ப எடுத்த நாள்.

முடித்ததும் எனக்குக் காட்டு. பசை மிச்சமிருந்தால் அதையும் கொண்டு வா.

உன் அன்பு மாமா