பெயர் எழுதிய அட்டை

பெருநாள் பலகாரப் பெட்டியில் கட்டும் பெயரட்டைகளை வீட்டிலேயே செய்து விற்கலாம். ஓர் ஏ4 மட்டையில் 5 சென்ரிமீற்றர் அகலமும் 9 சென்ரிமீற்றர் நீளமுமாக 12 அட்டைகள் தேறும். துளையிட்டு ரிபன் கோத்தால் சரி. கைவேலை நேரத்தைத்தான் நம்மவர்கள் விலையில் சேர்ப்பதில்லை.

ஆனால், ஒருவரின் பெயர் எழுதிய அட்டையை இன்னொருவருக்கு விற்க முடியாது. ஓடர் தந்தவர் வராவிட்டால் அது குப்பைதான். எனவே பெயரை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். (ஒருவர் ரிஸ்வான், அடுத்தவர் றிஸ்வான்!) காசையும் முழுதாக முன்கூட்டியே பெறுங்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம். ஷாபிஈ மத்ஹபில் ஸலம் வியாபாரத்தின் நிபந்தனையே, விலையை ஒப்பந்தம் பேசும் இடத்திலேயே கொடுத்துவிடுவதுதான். பொருளின் அளவும் தன்மையும் ஒப்படைக்கும் நாளும் தெளிவாக இருக்க வேண்டும். 'பிறை கண்டதும் தருகிறேன்' என்பது நாளாகாது; நோன்பு 29ஆ, 30ஆ என்று யாருக்குத் தெரியும்? ரமழான் 25 என்று பற்றுச்சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.