கொழும்புக் கிண்ணம் (1952–1955)

மாணவர்களே, லீக் முறைச் சுற்றுப்போட்டிக்கு உதாரணம் கேட்டால் இதைத் தயங்காமல் எழுதலாம். இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகள் மோதிய உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி இது. ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றையும் சந்திக்கும். எனவே போட்டிகள் 4 × 3 ÷ 2 = 6. இறுதிப்போட்டி என்று தனியாக ஒன்று கிடையாது. அதனால்தான் 1952இல் கொழும்பில் இந்தியாவும் பாகிஸ்தானும் தமக்கிடையிலான ஆட்டத்தைக் கோலின்றி முடித்து, புள்ளிகளிலும் சமமாக நின்று கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன.

1953 ரங்கூன், 1954 கல்கத்தா, 1955 டாக்கா: மூன்றிலும் இந்தியாவே சம்பியன். டாக்காவைக் கண்டதும் பங்களாதேஷை ஐந்தாவது நாடாகச் சேர்த்துவிடாதீர்கள்! 1971 வரை அது பாகிஸ்தானின் பகுதி.

பெயர் கொழும்பினுடையது, இலங்கையோ ஒருமுறையும் வெல்லவில்லை. கற்பிட்டி மணலில் பந்துதைத்து வளர்ந்த நமக்கு இது உறுத்தத்தான் செய்யும். 1995இல் சார்க் தங்கக் கிண்ண இறுதிப்போட்டியில், அதே கொழும்பில், இலங்கை இந்தியாவை 1–0 என வென்றது.