"நல்லாத்தானே இருக்கே!"

நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தை ஆராய்ந்த லேமனும் கட்புஷும் 1952-இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். சிக்கிள் செல் என்னும் பரம்பரை ரத்தக் கோளாறு தென்னிந்தியாவிலும் இருக்கிறது என்பதே அது. இன்று கூடலூர், பந்தலூர் பக்கத்தில் அந்த நோயோடு பள்ளிக்கும் தோட்ட வேலைக்கும் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். நோய் தரும் வேதனை போதாதென்று, அதைச் சுற்றி ஊர் கட்டிவைத்திருக்கும் நம்பிக்கைகளையும் அவர்கள்தான் சுமக்கிறார்கள்.

நம்பிக்கை: கை, கால், கண், காது சரியாக இருந்தால் மாற்றுத்திறனாளி இல்லை.

உண்மை: 1995-ஆம் ஆண்டின் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றது. 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. சிக்கிள் செல், தலசீமியா, ஹீமோபிலியா, பார்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இவற்றில் பலவும் வெளியே தெரியாதவை.

தெரியாததால் இல்லை என்றாகிவிடாது. நம் ரத்தச் சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். சிக்கிள் செல் நோயாளியின் அணுவுக்கு ஆயுள் 10 முதல் 20 நாள்தான். ஆக்சிஜன் குறையும்போது அது அரிவாள்போல வளைந்து, விறைத்து, நுண்ணிய ரத்தக்குழாய்களில் சிக்கிக்கொள்கிறது. ரத்தம் கிடைக்காத எலும்பும் தசையும் வலியில் துடிக்கின்றன. இப்படி அடைத்து அடைத்து, இளவயதிலேயே சிலருக்கு இடுப்பு மூட்டின் எலும்பு செத்துப்போகிறது. அவர் தாங்கித் தாங்கி நடக்கும்போதுதான் ஊர் "அய்யோ பாவம்" என்கிறது. அதற்கு முந்தைய இருபது வருட வேதனையை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

நம்பிக்கை: காலையில் சிரித்துப் பேசியவருக்கு மத்தியானம் எப்படி அவ்வளவு வலி வரும்? லீவுக்காக நடிக்கிறார்.

உண்மை: இந்த வலி அப்படித்தான் வரும். குளிர், உடலில் நீர் வற்றுதல், காய்ச்சல், அளவுக்கு மீறிய உழைப்பு, இவற்றில் ஒன்று போதும். சில சமயம் காரணமே தெரியாது. வலி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. நோயாளி சொல்வதை நம்புவதுதான் மருத்துவ முறையும். பிறந்ததிலிருந்து வலியோடு பழகியவர் செல்போன் பார்த்துக்கொண்டோ பேசிக்கொண்டோ அதைத் தாங்கப் பழகியிருப்பார். அமைதியாக உட்கார்ந்திருப்பதால் வலி இல்லை என்று முடிவுகட்டுவது கொடுமை.

நம்பிக்கை: வகுப்பில் ஒரு பிள்ளைக்கு மட்டும் சலுகை கொடுத்தால் மற்ற பிள்ளைகளுக்கு அநியாயம்.

உண்மை: இந்த நம்பிக்கையால்தான் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். சிக்கிள் செல் உள்ள பிள்ளை நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆனால் நீரைத் தேக்கிவைக்கும் திறன் அவள் சிறுநீரகத்துக்குக் குறைவு. அடிக்கடி போயாக வேண்டும். இரண்டாவது பீரியடில் எழுந்து நின்று, "டீச்சர், பாத்ரூம்" என்கிறாள். "இப்பதானே போயிட்டு வந்தே? உட்காரு." பின்பெஞ்சில் யாரோ சிரிக்கிறார்கள். மறுநாள் அந்தப் பிள்ளை ஒரு தீர்வு கண்டுபிடிக்கிறாள்: தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறாள். ஜூலை மாதத்து மழை, ஈரச் சீருடை, நனைந்த மைதானத்தில் பிரேயர், யூனிஃபார்மில் சேராது என்று கழற்றச் சொன்ன ஸ்வெட்டர். அந்த வாரக் கடைசியில் காலைப் பிடித்துக்கொண்டு அலறுகிறாள். ஆசிரியை கெட்டவர் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மேசைமேல் தண்ணீர் பாட்டில், கேட்காமல் கழிப்பறைக்குப் போக அனுமதி, ஸ்வெட்டர், மழை நாளில் உள்ளே உட்கார இடம். இதற்குச் செலவு என்ன? தேவைக்கேற்ற இத்தகைய மாற்றங்களைச் செய்துதருவது அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் கடமை என்று அதே 2016 சட்டம் சொல்கிறது. குறைபாடு 40 சதவீதம் என்ற சான்றிதழ் இருந்தால்தான் இது கிடைக்கும் என்பதும் தவறு. எழுதும்போது விரல்கள் இழுத்துக்கொள்ளும் நரம்புக் கோளாறு உள்ள ஒருவர், தேர்வெழுத உதவியாளர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். அவருக்கு மதிப்பிடப்பட்ட குறைபாடு 6 சதவீதம்தான். விகாஸ் குமார் வழக்கு என அறியப்படும் அதில், 2021 பிப்ரவரியில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 40 சதவீதம் என்பது இடஒதுக்கீடு போன்றவற்றுக்கான வரம்பு. நியாயமான உதவியைக் கேட்பதற்கு அது வாசல்படி அல்ல.

நம்பிக்கை: ஒட்டிக்கொள்ளும், அந்த வீட்டில் பெண் எடுக்கக் கூடாது.

உண்மை: ஒட்டாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தவர் கேரியர். பொதுவாக அவருக்கு நோய்த் தொல்லை இருக்காது. இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய்க்கான வாய்ப்பு 25 சதவீதம். திருமணத்துக்கு முன் பரிசோதிப்பது இதைத் தெரிந்துகொள்ளத்தான். ஒரு குடும்பத்தையே ஒதுக்கிவைக்க அதைப் பயன்படுத்துவது அநியாயம்.

நம்பிக்கை: ரத்தசோகைதானே, இரும்புச்சத்து டானிக் குடித்தால் போதும்.

உண்மை: இது இரும்புக் குறைவால் வருவதல்ல. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு உடலில் இரும்பு ஏற்கெனவே மிஞ்சிக் கிடக்கும். பரிசோதிக்காமல் கொடுக்கக் கூடாது. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை பலருக்கு வலித் தாக்குதல்களைக் குறைக்கிறது. காய்ச்சல் வந்தால் மட்டும் காத்திருக்கவே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

நம்பிக்கை: மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கையில் வந்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும்.

உண்மை: 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று பெற்ற சிக்கிள் செல் மாணவர், அரசு உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீத இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். படித்து முடித்து அரசு வேலைக்குப் போனால் கதை வேறு. வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீடு பார்வை, செவித்திறன், உடல் இயக்கம், அறிவுசார் மற்றும் மனநலக் குறைபாடுகள் என்று வகை பிரித்துத் தரப்படுகிறது. ரத்த நோய்கள் அதில் இல்லை. கல்லூரி வாசலில் மாற்றுத்திறனாளி என்று ஏற்ற அதே சட்டம் வேலை வாசலில் அவரைக் கைவிடுகிறது. மாதத்தில் சில நாள் படுக்கையில் விழுகிறவருக்கு ஒதுக்கீடு ஒன்றுதான் கைகொடுக்கும் நேரத்தில், இல்லை என்கிறோம். சட்டத்தின் 34-ஆவது பிரிவைத் திருத்தி இந்த நோய்களையும் சேர்க்க வேண்டும்.