புற்றுக்குள் ஓர் உழவர் குடி

கொள்ளேகாலத்திலிருந்து ஹனூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் கௌதள்ளி என்னும் ஊர் இருக்கிறது. 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மைசூரோடு இணைந்த பகுதி அது. அப்பக்கத்து மேட்டு நிலங்களிலும் வறண்ட காடுகளிலும் செம்மண் புற்றுகளைக் காணலாம். புற்று என்றதும் நமக்குப் பாம்பு நினைவுக்கு வருகிறது. ஆனால் கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்பதே பழமொழி. குடியிருப்பவரைப் பற்றி நிறையப் பேசுகிறோம். கட்டியவரைப் பற்றிச் சிறிது காண்போம்.

எறும்பும் கறையானும்

கறையானை வெள்ளெறும்பு என்று சொல்வதுண்டு. அது எறும்பன்று, கரப்பான் பூச்சியின் உறவு. ஆயினும் சில எறும்புகளுக்கும் சில கறையான்களுக்கும் வியப்பான ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் பூசணத்தைப் பயிரிட்டு உண்கின்றன. பூசணம் வளர்க்கும் எறும்புகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. பூசணம் வளர்க்கும் கறையான்களோ ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ளன, அமெரிக்காவில் இல்லை. எறும்புகள் இத்தொழிலைத் தொடங்கி ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளும், கறையான்கள் தொடங்கி ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளும் ஆகின்றன என்று கணக்கிட்டுள்ளனர். மனிதன் ஏர் பிடித்துப் பன்னிரண்டாயிரம் ஆண்டுகள்கூட ஆகவில்லை!

இரை தேடும் முறை

தென்னிந்தியாவில் பெரும் புற்றுகளை எழுப்பும் கறையான்களுள் முதன்மையானது ஓடன்டோடெர்மெஸ் ஒபீசஸ் என்பது. இதன் உடல் மென்மையானது. வெயில் பட்டால் காய்ந்துவிடும். எறும்பு கண்டால் இரையாகிவிடும். ஆகவே இது திறந்த வெளியில் நடப்பதில்லை. மண்ணையும் உமிழ்நீரையும் குழைத்துக் கூரை வேய்ந்துகொண்டு, அதனடியில் நகர்கிறது. மரப்பட்டையின்மேல் நாம் காணும் மண் பூச்சு அத்தகைய கூரையே. அதன் மறைவில் சருகு, சுள்ளி, உலர்ந்த புல், சாணம் ஆகியவற்றைக் கறையான்கள் திரட்டுகின்றன.

கறையான் மரத்தைத் தின்கிறது என்பது பாதி உண்மையே. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் எளிதில் செரிக்காது. அதைச் சிதைக்கும் ஆற்றல் பூசணத்துக்கு உண்டு. எனவே திரட்டிய இரை, உணவாவதற்குமுன் தோட்டத்துக்கு எருவாகிறது.

விதைப்பும் அறுவடையும்

புற்றுக்குள் கடற்பஞ்சுபோல் துளைகள் நிறைந்த பாத்திகள் இருக்கின்றன. அவற்றில் வளரும் பூசணத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர். இளம் வேலைக்காரக் கறையான்கள், வந்த இரையோடு பூசணத்தின் வெண்மணிகளையும் சேர்த்து விழுங்குகின்றன. மணிகளிலுள்ள வித்துகள் சாவதில்லை. அரைகுறையாகச் செரித்த இரையோடு கலந்து கழிவாக வெளிவந்து, பாத்தியின் மேற்புறத்தில் படிகின்றன. விதையும் எருவும் வயிற்றுக்குள்ளேயே கலந்துவிடுகின்றன! பூசணம் பக்குவப்படுத்திய அடிப்புறப் பாத்தியை மூத்தவை உண்கின்றன. மேலே விதைப்பு, கீழே அறுவடை.

தோட்டம் என்றால் களையும் உண்டு. சூடோசைலேரியா என்னும் பூசணம் பாத்தியில் மறைந்திருக்கும். கறையான்களை அகற்றினால் பாத்தி முழுவதும் படர்ந்துவிடும். களையின் மணத்தைப் பயிரின் மணத்திலிருந்து பிரித்தறிந்து, களையை மட்டும் கறையான்கள் மண்ணிட்டு மூடுவதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ரெனீ போர்ஜஸ் குழுவினர் 2017-இல் வெளியிட்டனர்.

பயிருக்குக் காற்றோட்டமும் வேண்டும். பகலில் புற்றின் மெல்லிய புறச்சுவர்கள் விரைவில் சூடேறுகின்றன, நடுப்பகுதி குளிர்ந்திருக்கிறது. இரவில் இது தலைகீழாகிறது. இந்த வேறுபாடே உள்ளிருக்கும் காற்றைச் சுழலச் செய்து, கரியமில வாயுவை வெளியேற்றுகிறது என்பதை மகாதேவன் முதலியோர் பெங்களூரில் அளந்து 2015-இல் எழுதினர்.

புதுக் குடிக்கு விதை எது?

அமெரிக்க எறும்பின் இளவரசி, தாய் வீட்டுச் சீதனமாகப் பூசணத் துணுக்கொன்றை வாயில் அடக்கிக்கொண்டு பறக்கிறாள். நம் ஈசலோ பெரும்பாலும் வெறுங்கையோடு புறப்படுகிறது. மழைக்குப்பின் புற்றிலிருந்து காளான் பூத்து வித்துகளை உதிர்க்கிறது. புதுப் புற்றின் முதல் வேலைக்காரர்கள் இரை தேடும்போது அவ்வித்துகளும் வீடு வந்து சேர்கின்றன. ஆக, இவற்றுக்கு இரை தேடல் என்பது உணவு மட்டுமன்று, விதை தேடலும் ஆகும். மழை தவறினால் விதையும் தவறும். நாம் விரும்பி உண்ணும் புற்றுக்காளான் இதுவே.

தஞ்சையில் கண்ட உண்மை

இலைவெட்டி எறும்புகள் பூசணம் வளர்க்கின்றன என்ற கருத்தை ஆங்கிலேயரான தாமஸ் பெல்ட் 1874-இல் வெளியிட்டார். அதற்கு 95 ஆண்டுகளுக்கு முன்பே கறையானின் தோட்டத்தை ஒருவர் கண்டு எழுதிவிட்டார். அதுவும் நம் தஞ்சையில்! லின்னேயஸின் மாணவரும் 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவருமான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்பவரே அவர். புற்றுக்குள் பூசணம் வளர்வதையும், அது கறையான் குஞ்சுகளுக்கு உணவாகலாம் என்பதையும் 1779-இல் ஜெர்மன் மொழியில் எழுதினார். பின்னர் இலங்கையின் பேராதனையில் பெட்ச் என்பார் 1906-இல் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

பகையா, துணையா?

கரும்புக் கரணையையும் நிலக்கடலையையும் வாடிய பயிரையும் கறையான் அரிக்கிறது. உழவனுக்கு இதனால் இழப்பு உண்டு என்பதை மறைக்கலாகாது. எனினும் காட்டுச் சருகை மக்கச் செய்வதும், ஆழத்துக் களிமண்ணை மேலே கொணர்வதும், மழைநீர் இறங்க மண்ணில் வழி திறப்பதும் இதன் பணிகளே. புற்றை இடித்துவிட்டால் போதும் என்று எண்ணுவதும் தவறு. அரசியும் தோட்டமும் உள்ளே இருக்கும்வரை அது மீண்டும் எழும். பகைவனை வெல்லவும் அவன் வாழ்முறையை அறிந்தாக வேண்டும்.

அமெரிக்க எறும்பைப் பற்றி நூலில் படிக்கிறோம். நம் வரப்பிலுள்ள உழவனை மறந்துவிடுகிறோம். நண்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது ஒரு புற்றின் அருகே சற்று நில்லுங்கள். கோனிக்கிடம் அன்று இருந்தவை கூர்ந்த கண்களும் பொறுமையுமே. அவை நம்மிடமும் உண்டு.