பெரிய குழல் இருந்தால் தூரத்து வாத்தும் விழுமா?

கேள்வி: ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் நண்பர், டிசம்பரில் சால்வே கழிமுகத்துக்குக் காட்டு வாத்து வேட்டைக்கு அழைத்திருக்கிறார். தாத்தா காலத்து 8 போர் துப்பாக்கியை எடுத்துவரப் போகிறாராம். “12 போருக்கு எட்டாத வாத்தும் இதற்கு எட்டும்” என்கிறார். உண்மையா? எண் குறையக் குறையத் துப்பாக்கி பெரிதாவது ஏன்?

பதில்: நல்ல கேள்விகள். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கு அதுவே வழி திறக்கும்.

போர் என்பது குழலின் உள்விட்டத்தை அளக்கும் பழைய கணக்கு. ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஒன்று கச்சிதமாக நுழையும் குழல் 12 போர். விட்டம் 18.5 மி.மீ. எட்டே உருண்டையாக வார்த்தால் ஒவ்வொன்றும் பெருக்கும். குழலும் 21 மி.மீ.க்குச் சற்று மேல் போகும். ஆக, அந்த எண் சொல்வது அகலத்தை, வேகத்தை அல்ல.

பெரிய குழல் குண்டை வேகமாகத் தள்ளும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். அப்படி இல்லை. எந்தப் போரானாலும் ரவைகள் (தோட்டாவுக்குள் நிரப்பும் சிறு குண்டுகள்) விநாடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர் வேகத்தில்தான் கிளம்புகின்றன. வெளியே வந்ததும் காற்று ஒவ்வொரு ரவையையும் தனித்தனியாகத் தடுக்கிறது. ஒரே உலோகம், ஒரே பருமன் என்றால் 50 மீட்டரில் இரண்டின் அடியும் ஒன்றே.

வித்தியாசம் எண்ணிக்கையில். 12 போரில் 36 கிராம் ரவை போட்டால் 8 போரில் 57 கிராம் போடலாம். அங்கே நூறு என்றால் இங்கே நூற்று அறுபது. ரவைக் கூட்டம் போகப்போக விரிந்து, இடையில் ஓட்டை விழுகிறது. தூரம் கால் பங்கு கூடினாலே அடர்த்தி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். கணக்குப் போட்டால், 12 போர் 40 மீட்டரில் தரும் அடர்த்தியை 8 போர் 50 மீட்டரில் தரும். லாபம் அந்தப் பத்து மீட்டர்தான். அதற்காக ஐந்து ஆறு கிலோ துப்பாக்கியைச் சேற்றில் சுமக்க வேண்டும். அந்தப் பத்து மீட்டரை நம்பியும் சுடாதீர்கள் என்பேன். 50 மீட்டரில் ரவை போய்ச் சேருவதற்குள் வாத்து சுமார் 3 மீட்டர் முன்னே நகர்ந்திருக்கும். குறி பிசகினால், காயத்தோடு பறந்துபோய் எங்கோ நாள்கணக்கில் துடித்துச் சாகும்.

ஆகவே பயணத்தைத் துப்பாக்கியை வைத்துத் திட்டமிடாமல், வாத்தை வைத்துத் திட்டமிடுங்கள். ஐஸ்லாந்து, கிரீன்லாந்திலிருந்து வரும் பிங்க் ஃபுட் வாத்துகள் இரவில் மணல்திட்டுகளில் தங்கி, விடியலில் அறுவடை முடிந்த வயல்களுக்கு மேய வரும். எதிர்காற்று பலமாக அடித்தால் தாழ்வாக வரும். காற்றில்லாத தெளிந்த காலையில் எந்தப் போருக்கும் எட்டாத உயரத்தில் போய்விடும். பெரிய பறவை என்பதால் தொலைவில் இருப்பதே பக்கத்தில் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும். படுக்கும் இடத்திலிருந்து 35 மீட்டர் அளந்து ஒரு குச்சி நட்டு, அந்தத் தூரத்தைக் கண்ணுக்குப் பழக்குங்கள். கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு என்பதை முன்தினமே பார்த்துவையுங்கள். சால்வேயில் தண்ணீர் முன்னால் மட்டும் வராது; முதுகுப்பக்க ஓடைகளும் நிரம்பிவிடும்.

இன்னொன்றும் முக்கியம். ஸ்வால்பார்டிலிருந்து வரும் பார்னக்கிள் வாத்துகளும் அங்கேதான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. வெள்ளை முகம், கறுப்புக் கழுத்து. குட்டிநாய் குரைப்பது போன்ற குரல். அவை சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. அரையிருட்டில் முகம் தெரியாது, குரல் கேட்கும். எந்த வாத்து என்று உறுதியாகத் தெரியாவிட்டால் விசைமேல் விரலே வைக்காதீர்கள்.

நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: தோட்டாவில் என்ன ரவை? ஸ்காட்லாந்தின் ஈரநிலங்களில் 2005 முதல் ஈய ரவைக்குத் தடை. சேற்றில் கிடப்பதைக் கூழாங்கல்லோடு விழுங்கிப் பறவைகள் நஞ்சேறிச் சாகின்றன என்பதே காரணம். ஈயத்துக்குப் பதில் இரும்பு ரவை போடலாமா என்றால், பழைய குழல்கள் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. மென்மையான பிஸ்மத் ரவைதான் வழி. அதற்கும் முன், குழலைத் துப்பாக்கிக் கொல்லர் ஒருவரிடம் காட்டிச் சோதித்த பிறகே அந்த 8 போர் வீட்டைவிட்டுக் கிளம்பலாம்.