புழுவின் நோய் பயிரின் காவல்

ஒரு காலத்தில் ‘திருநெல்வேலிப் பருத்தி’ என்னும் பெயருடன் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பலேறியது நமது கரிசல் நிலத்துப் பருத்தியேயாகும். கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகின்றது. காயைத் துளைக்கும் பச்சைக் காய்ப்புழு பெருகினால் உழவரின் உழைப்பு வீணாகும். கறைபட்ட பஞ்சினால் நெசவாளரின் நூலும் தரம் குன்றும். ஆகவே இது நம் இருசாராருக்கும் உரிய பாடம்.

இரசாயன மருந்தை மட்டும் நம்பினால் நேருவது யாது? 1987ஆம் ஆண்டில் ஆந்திரப் பருத்தி வயல்களில் அது வெளிப்பட்டது. அடிக்கடி தெளிக்கப்பட்ட பைரெத்ராய்டு மருந்துகளைத் தாங்கும் ஆற்றலைப் புழு பெற்றுவிட்டது. மருந்துச் செலவு ஏறியது, விளைச்சல் வீழ்ந்தது, கடன் மிஞ்சியது. 2002 முதல் பரவிய பி.டி. பருத்தியில் இப்புழுவின் தொல்லை குறைந்ததாயினும், நாட்டுப் பருத்தியையும் துவரை, கொண்டைக்கடலை ஆகியவற்றையும் அது இன்றும் தாக்குகின்றது.

இப்புழுவுக்கு இயற்கையிலேயே ஒரு நோய் உண்டு. என்.பி.வி. எனப்படும் வைரஸே அதற்குக் காரணம். இலையுடன் இதனைத் தின்ற புழுவின் உடலில் வைரஸ் பல்கிப் பெருகுகின்றது. ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு நாட்களில் புழு செடியின் நுனிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கி மடிகின்றது. அதன் தோல் கிழிந்து வழியும் நீர் மற்றப் புழுக்களுக்கும் நோயைத் தருகின்றது. மனிதருக்கும் கால்நடைக்கும் தேனீக்கும் இதனால் தீங்கில்லை.

கையாளும்போது நாம் மறவாதிருக்க வேண்டியவை:

1. முட்டைகளும் சிறு புழுக்களும் தென்படும்போதே தெளிக்க வேண்டும். முற்றிய புழு எளிதில் மடியாது.

2. மாலையில் தெளிக்க வேண்டும். வெயிலின் புறஊதாக் கதிர் வைரஸை அழித்துவிடும்.

3. கரைசலில் சிறிது வெல்லம் சேர்த்தால் புழு விரும்பித் தின்னும்.

4. கொண்டைக்கடலைக்கு எக்டருக்கு 250 எல்.ஈ. அளவு போதும். நோயால் மடிந்த 250 வளர்ந்த புழுக்களில் உள்ள வைரஸின் அளவே இது.

5. காய்ப்புழுவின் வைரஸ் புரோடீனியாப் புழுவைக் கொல்லாது. புழுவை அறிந்தே மருந்தை வாங்க வேண்டும்.

தெளித்த மறுநாளும் புழு ஊர்வதைக் கண்டு, பலனில்லை என்று விஷ மருந்தை நாடுவோர் உண்டு. நோய் முற்ற நாள் வேண்டும். அதுவரை பொறுத்தல் அவசியம்.

ஒருவர் மட்டும் தெளித்துப் பயன் சிறிதே. அந்துப்பூச்சி வரப்பைக் கண்டு நிற்பதில்லை. தரமான மருந்தைச் சங்கம் மொத்தமாக வாங்கிக் குளிர்ந்த இடத்தில் வைத்து, தெளிப்பான்களை முறைவைத்து வழங்கி, ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் தெளிக்க ஏற்பாடு செய்தல் நலம். கூட்டுறவு என்பது கடன் பெறுவதற்கு மட்டுமன்று. கடன் வாராது காத்தற்கும் அதுவே வழியாகும்.

அடுத்த கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்:

நம் ஊரில் காய்ப்புழு முதலில் தென்படும் மாதம் எது? நம்மிடம் பழுதற்ற தெளிப்பான்கள் எத்தனை உள்ளன? வயல்களைப் பார்வையிடும் பொறுப்பை ஏற்பவர் யாவர்?