நாள் எண்ணிப் பராமரிப்போம்
(குடும்பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றும் காலத்திற்கான ஒரு பாடம்)

விதைத்த நாளிலிருந்து நாள் எண்ணுவது கமக்காரருக்குப் புதிதல்ல. எத்தனையாம் நாள் பசளை, எத்தனையாம் நாள் களை என்று எமக்குத் தெரியும். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கினால் அதே பழக்கம் அவருடைய உயிரைக் காக்க உதவும். அது எப்படி என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

சொந்தக் காணியை விட்டு வந்து, உறவினரின் வளவில் கொட்டில் போட்டிருந்த ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். தாயாருக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டாம் முறை மருந்து ஏற்றி வீடு வந்து பத்தாம் நாள் மாலை அவருக்குக் குளிர் பிடித்து உடம்பு சுட்டது. மகன் இரண்டு பனடோல் கொடுத்தார். காய்ச்சல் இறங்கியது. "இன்னும் இரண்டு நாளில் கிளினிக் தானே, அப்போது சொல்லுவோம்" என்று இருந்துவிட்டனர். இரண்டாம் நாள் அவரைத் தூக்கிக்கொண்டுதான் வைத்தியசாலைக்குப் போக வேண்டியிருந்தது. பல நாட்கள் வாட்டில் இருந்து அவர் பிழைத்துக்கொண்டார். பிள்ளைகளிடம் அன்புக்குக் குறைவில்லை. இந்தக் காய்ச்சல் வேறு காய்ச்சல் என்பதை அவர்களுக்கு யாரும் விளங்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மருந்து என்ன செய்கிறது?

புற்றுநோய்க் கலங்கள் மிக வேகமாகப் பெருகுபவை. வேகமாகப் பெருகும் கலங்களையே இம்மருந்து தாக்குகிறது. களைநாசினி சிலவேளை பயிரையும் வாட்டுவதுபோல், உடம்பில் இயல்பாகவே வேகமாக வளரும் நல்ல கலங்களும் இதில் அடிபடுகின்றன. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, சத்தி வருகிறது. முடி பெரும்பாலும் சிகிச்சை முடிந்தபின் மீண்டும் வளரும்.

வெளியே தெரியாத பாதிப்பு ஒன்றும் உண்டு. கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் குறைந்துவிடுகின்றன. பல மருந்துகளில், ஏற்றிய நாளிலிருந்து 7 ஆம் நாளுக்கும் 14 ஆம் நாளுக்கும் இடையில் அவை மிகக் குறைவாக இருக்கும். பின்னர் மெல்லக் கூடும். ஒவ்வொரு முறை மருந்து ஏற்றுமுன் குருதி பரிசோதிப்பது இதற்காகத்தான். "இன்று ஏற்ற முடியாது, அடுத்த கிழமை வாருங்கள்" என்றால் மனம் தளர வேண்டாம். உடம்பு தேற இடம் கொடுக்கிறார்கள்.

காய்ச்சல் வந்தால்

ஒரு வெப்பமானி வாங்கி வையுங்கள். மருந்து ஏற்றிய திகதியைக் கலண்டரில் குறித்து நாள் எண்ணுங்கள். 38 பாகை செல்சியஸ் (100.4 பாகை பரனைற்) அல்லது அதற்கு மேல் காட்டினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ,

1. விடியும்வரை, கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.
2. வைத்தியரிடம் கேட்காமல் பனடோல் கொடுக்க வேண்டாம். அது காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது.
3. கிளினிக் கொப்பியைக் காட்டி, "புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி இத்தனையாம் நாள்" என்று வாசலிலேயே சொல்லுங்கள். மருந்தை ஊசி மூலம் தாமதமின்றித் தொடங்க வேண்டியிருக்கும்.

இரவில் யாருடைய வாகனம், யார் கூடப் போவது என்பதை முன்னரே பேசி முடிவு செய்யுங்கள். 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். முன்னர் வடக்கிலிருந்து பலர் மகரகமவரை போக வேண்டியிருந்தது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை பலர் நடந்து சேர்த்த நிதியில் கட்டப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலை, 2013 இல் தெல்லிப்பழையில் திறக்கப்பட்டது. ஆனால் காய்ச்சல் கண்டால் முதலில் அண்மையிலுள்ள பெரிய வைத்தியசாலைக்கே போங்கள்.

நெருக்கமான வீட்டில் செய்யக்கூடியவை

* சமைப்பவரும் பராமரிப்பவரும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். தடிமன், இருமல் உள்ளவர் சற்று விலகியிருக்கட்டும்.
* கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுங்கள்.
* உணவைச் சுடச்சுடக் கொடுங்கள். வல்லாரையைச் சம்பலாக அன்றி வறையாகக் கொடுக்கலாம். பெலன் வரும் என்று பச்சை முட்டை கொடுக்க வேண்டாம், அவித்துக் கொடுங்கள்.
* தாளிக்கும் மணமே சத்தியை வரவழைக்கலாம். கஞ்சியைச் சிறிது சிறிதாகப் பல தடவை கொடுங்கள். சத்திக்குத் தந்த குளிசையைச் சொன்ன நேரத்தில் கொடுங்கள்.
* ஒரு கோப்பை கொதித்தாறிய நீரில் கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து, நாளுக்குப் பல தடவை வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள்.
* மருந்து ஏற்றி இரண்டு நாட்களுக்குச் சிறுநீர், மலம், சத்தியில் மருந்து கலந்திருக்கும். கைகளில் பொலித்தீன் பை மாட்டித் துப்புரவு செய்யுங்கள். மலசலகூடத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அழுக்குத் துணிகளை வேறாகத் துவையுங்கள்.
* மாட்டுப்பட்டி, கோழிக்கூடு, எரு, மருந்தடித்தல் ஆகிய வேலைகளை மற்றவர்கள் ஏற்க வேண்டும்.
* நாட்டு மருந்து கொடுக்க விரும்பினால் முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

புற்றுநோய் தொற்றுநோய் அல்ல. அவருடைய கோப்பையையும் பாயையும் ஒதுக்கிவைத்து மனதை நோகச் செய்ய வேண்டாம்.

அவரைக் கேட்டுச் செய்யுங்கள்

நோயாளி சிறுபிள்ளை அல்ல. நேற்றுவரை வீட்டை நடத்தியவர். காணியையும் வீட்டையும் இழந்தவரிடமிருந்து வீட்டுப் பேச்சில் அவருக்குள்ள இடத்தையும் நாம் எடுத்துவிடலாகாது. வைத்தியர் சொன்னதை மறைக்காமல் அவரோடு பேசுங்கள். யார் கூட வரவேண்டும், என்ன சாப்பிட மனம் என்று அவரையே கேளுங்கள். முடிந்த நாளில் பயறு தெரிவு செய்வது போன்ற சிறு வேலையை அவர் விரும்பினால் தடுக்க வேண்டாம். பராமரிப்பு முழுவதும் ஒரு மகளின் அல்லது மருமகளின் தலையில் விழாமல் முறைபோட்டுச் செய்யுங்கள்.

மேலே சொன்ன தாயார் மீதி மருந்தையும் ஏற்றி முடித்தார். ஒவ்வொரு முறையும் வீட்டுக் கதவில் கரிக்கோடு போட்டு நாள் எண்ணியவர் அவருடைய பேரன்.

கலந்துரையாட

1. எமது குடியிருப்பில் நள்ளிரவில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் போவோம்?
2. அயலிலுள்ள ஒரு குடும்பம் கிளினிக் போகும் நாளில், அவர்களின் பிள்ளைகளையும் பயிரையும் பார்க்க நாம் என்ன ஒழுங்கு செய்யலாம்?